அன்று ராத்திரி ஓட்டம்

அத்தியாயம் 7

நான் கொல்லவில்லை என்று கதறுகிறவனைக் காப்பாற்றுவது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. நான்தான் கொன்றேன், என்னை உள்ளே தள்ளுங்கள் என்று அடம்பிடிக்கிறவனை வைத்துக்கொண்டு என்ன செய்வது? கிலுலேனி ரிமாண்ட் சிறையில், பார்வையாளர் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று கொம்போ அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தான்.

கம்பிக்கு அந்தப் பக்கம் லாரி டிரைவர் சிங்கானோ உட்கார்ந்திருந்தார். வைரஸ் காய்ச்சல் நுரையீரலைத் தின்றுவிட்டு மிச்சம் வைத்த ஆள். இரண்டு வார்த்தை பேசினால் ஒரு இருமல் வந்தது. மத்தியானத் தொழுகை முடிந்ததும் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்துவார்கள், அங்கே குற்றத்தை ஒப்புக்கொள்ளப் போகிறேன் என்றார். ஒப்புக்கொண்டால் பல வருஷம் உள்ளேதான். அந்த நெஞ்சை வைத்துக்கொண்டு சிறையில் அவர் ஒரு மழைக்காலத்தைக்கூடத் தாண்டமாட்டார் என்பது பார்த்த யாருக்கும் தெரியும். தார் எஸ் ஸலாமில் இருக்கும் அவருடைய மகள் போனில் விடாமல் அழுததால்தான் ஸுஹூரா இந்த வழக்கையே எடுத்தாள்.

ஸுஹூரா ஒரு காலத்தில் போலீஸ் இன்ஸ்பெக்டர். மேலதிகாரியிடம் மனதில் பட்டதைச் சொல்லிவிட்டு வேலையை விட்டவள். இப்போது சைக்கிள் கடை மாடியில் ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, துப்பறியும் நிலையம் என்று ஒரு பலகை. கொம்போ அவளுக்கு உதவியாளன், வண்டி ஓட்டுகிறவன், டீ வாங்கி வருகிறவன், திட்டு வாங்குகிறவன். பெம்பா தீவுக்காரன். பெம்பாக்காரர்கள் ஜின்களை வேலைக்கு வைத்திருப்பார்கள் என்று கரையோரம் முழுக்க ஒரு பேச்சு உண்டு. யாராவது அதைச் சொல்லிச் சீண்டினால், "இருந்த ஒண்ணும் சம்பளம் பத்தலைன்னு நின்னுடுச்சு" என்பான். உண்மையில் அவனைப் போலப் பேய்க்குப் பயந்தவன் அந்த ஜில்லாவிலேயே கிடையாது.

ஸுஹூரா டிரைவரை முதலிலிருந்து சொல்லச் சொன்னாள். சிசல் நார் ஏற்றிக்கொண்டு வரும்போதே காய்ச்சல் முற்றிவிட்டது என்றார் அவர். லாரியை நேராக எஸ்டேட் ஆஸ்பத்திரி முற்றத்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு வராந்தாவில் விழுந்தார். சாவி சட்டைப்பையில் இருந்தது, சட்டை கட்டில் கம்பியில் தொங்கியது. அதற்குப் பிறகு ஆக்ஸிஜன் குழாய்தான் உலகம். அந்த நாட்களில் ஒரு ராத்திரி, ஆஸ்பத்திரி ரோட்டில், கிஜா என்ற சின்னப் பெண்ணை ஒரு வண்டி அடித்துப்போட்டது. விடிந்ததும் பார்த்தால் சிங்கானோவின் லாரி முற்றத்தில் பழையபடி நின்றுகொண்டிருந்தது. முன் பம்பரில் அந்தப் பெண்ணின் துணிக் கிழிசல் ஒட்டியிருந்தது.

"நீங்க எழுந்து போனது ஞாபகம் இருக்கா?" ஸுஹூரா கேட்டாள்.

"எழுந்தது ஞாபகம் இல்லம்மா. ஓட்டினது ஞாபகம் இருக்கு." சிங்கானோ தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டார். "கையில சில்லுன்னு இரும்பு. ரோடு தூக்கித் தூக்கிப் போட்டுச்சு. பள்ளத்துல இறங்கும்போது வயிறு குபுக்குன்னு கீழ போகுமே, அப்படி. ஆத்துல இறங்கின மாதிரி ரெண்டு காலும் நனைஞ்சுது. எதிர்ல அந்தப் பொண்ணு நின்னா. வெள்ளையா, மூஞ்சியே இல்லாம. ஓட்டமான்னு கேட்டா. ஆமாம்மா, ஓட்டம்தான்னேன். நான் ஆமான்னு சொன்னது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

கொம்போ கையில் கட்டியிருந்த தாயத்தைத் தொட்டுக்கொண்டான். எல்லாப் பேயும் ஏன் வெள்ளையிலேயே வருது, துவைக்கிற செலவு யார் கொடுக்கிறது என்று முணுமுணுத்துப் பார்த்தான். அவனுக்கே சிரிப்பு வரவில்லை.

"இன்னும் வர்றாளா?"

"தினம் வர்றா. கால்மாட்டுல நின்னு அதே கேள்வி. நான் கோர்ட்டுல ஒப்புக்கிட்டா அவ போயிடுவாம்மா. எனக்கு அது போதும்."

போலீஸுக்கு இதுவே போதுமானதாக இருந்தது. போதாததற்குப் பக்கத்துக் கட்டில் கிழவர் ஹம்ஸாவின் வாக்குமூலம் வேறு. லாரி டிரைவரைப் பற்றிக் கேட்க வந்த போலீஸ்காரரிடம், அந்த ராத்திரி முழுக்க அவனுக்கு ஓட்டம், கேட்டபோது அவனே ஆமாம் என்று சொன்னதை என் காதால் கேட்டேன் என்று ஹம்ஸா சொல்லியிருந்தார். சொன்ன மறுநாள் செத்துப்போனார். லாரிக்காரன் பாஷையில் ஓட்டம் என்றால் வண்டி எடுத்துப் போவது என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும், எனவே போலீஸ்காரர் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.

"செத்துப்போன சாட்சியைக் குறுக்கு விசாரணை பண்ண முடியாதுக்கா" என்றான் கொம்போ, வெளியே வரும்போது.

"உங்க ஊர்க்காரங்க யாரையாவது கூப்பிடேன்" என்றாள் ஸுஹூரா.

சிறை வாசலில் ஒரு பெண் தூக்குப்பாத்திரத்தோடு உட்கார்ந்திருந்தாள். நீலக் காங்காத் துணியைத் தலையோடு போர்த்தியிருந்தாள். கிஜாவின் அம்மா மவனாஷா அவள்தான் என்று காவலர் சொன்னபோது கொம்போ இரண்டடி பின்னால் போனான். பாத்திரத்தில் கஞ்சி. சிங்கானோவுக்குத்தான். ரிமாண்டில் இருப்பவர்களுக்கு வீட்டிலிருந்து சாப்பாடு வந்தால்தான் வயிறு நிறையும், அவருக்கு இந்த ஊரில் யாரும் இல்லை, அதனால் கொண்டுவருகிறேன் என்று அவள் சாதாரணமாகச் சொன்னாள். அவரை மன்னித்துவிட்டதாகவும் அதை மாஜிஸ்திரேட்டிடமே சொல்லப் போவதாகவும் சொன்னாள். ரொம்பக் கஷ்டமாக இருந்ததா என்று ஸுஹூரா கேட்டதற்கு, மவனாஷா பாத்திரத்தின் மூடியை இன்னொரு தடவை அழுத்தி மூடினாள்.

"முதல்ல அவர் ரத்தம் கக்கிச் சாகணும்னு துவா கேட்டேன். அப்புறம் சும்மா சாகணும்னு கேட்டேன். அப்புறம் ஒரு நாள் துவா கேக்கிறதையே விட்டுட்டேன். அதுக்கப்புறம்தான் இந்தக் கஞ்சி."

கொம்போ வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

அந்த ராத்திரியைப் பற்றி அவள் சொன்னது இதுதான். தன்னைவிட உயரமாக வளர்ந்துவிட்ட மூத்த மகள் அதே காய்ச்சலில் வீட்டில் கிடந்தாள். அவளுக்கு மாத்திரை வாங்க ஆஸ்பத்திரிக்குப் போன கிஜா திரும்பவில்லை. விடியும்வரை தேடினார்கள். விடிந்தும் விடியாமலும் கதவு தட்டப்பட்டது. சிங்கானோவின் லாரி முதலாளி தௌஃபிகியின் ஆள் கையில், பிணத்தைச் சுற்றும் கஃபன் துணியோடு நின்றான். ஊரில் எந்த ஏழை வீட்டுச் சாவு என்றாலும் கஃபன் துணி தௌஃபிகி கொடுப்பதுதான், அது ரொம்ப நாளாக நடக்கிற தர்மம். ஆனால் இங்கே இன்னும் யாரும் சாகவில்லை. என் மூத்தவள் மூச்சுவிட்டுக்கொண்டுதான் இருக்கிறாள் என்று மவனாஷா கத்தினாள். ஆத்திரத்தில் துணியைப் பிரித்தாள். அது குட்டையாக இருந்தது. பிரித்த துணி கையில் இருக்கும்போதே, மீன் பிடிக்கப் போன ஆட்கள் கிஜாவைத் தூக்கிக்கொண்டு ரோட்டில் வந்தார்கள்.

"தௌஃபிகிக்கு வானத்துலேருந்து மலக்கு வந்து சொல்லியிருக்குன்னு ஊரே பேசுது" என்றாள் மவனாஷா. "இப்பல்லாம் பிள்ளைங்களை அவர்கிட்ட கூட்டிட்டுப் போய் ஓதச் சொல்றாங்க."

"துணி எவ்வளவு நீளம் இருந்துச்சும்மா?" ஸுஹூரா கேட்டாள்.

மவனாஷா தன் நெஞ்சுக்கு நேராகக் கையை வைத்துக் காட்டினாள். ஸுஹூரா அதையே இன்னொரு தடவை கேட்டாள். அவள் மறுபடியும் அதே இடத்தில் கையை வைத்தாள். பெற்றவளிடம் இதைப்போய் இரண்டு தடவை கேட்கிறாளே என்று கொம்போவுக்குக் கோபம் வந்தது. ஸ்கூட்டரை உதைத்தபோது கொஞ்சம் அதிகமாகவே உதைத்தான்.

எஸ்டேட் ஆஸ்பத்திரி ஜெர்மன்காரன் காலத்துக் கட்டடம். உயரமான கூரை, நீளமான வராந்தா, எங்கே இருமினாலும் வேறு எங்கிருந்தோ பதில் இருமல் கேட்கும். செத்தவர்களும் சேர்ந்து இருமுகிறார்கள் என்று ஊரில் சொல்வார்கள். போன மழைக்காலத்தில் கொம்போவும் அங்கே கிடந்தவன்தான், அதே காய்ச்சலோடு. அந்தக் கதையை டீக்கடைகளில் சிரிக்கச் சிரிக்கச் சொல்லுவான். பக்கத்துக் கட்டில்காரர் குறட்டை, ஆஸ்பத்திரிக் கேன்டீனில் பாதி கோழிக்கு முழு விலை, டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை வைத்துவிட்டு "இன்னும் இருக்கீங்களா" என்று கேட்டது, எல்லாம் வரும். இன்று வராந்தாப் படியில் கால் வைத்ததும் அந்த வேடிக்கை ஒன்றும் உதவவில்லை. மருந்து நெடி மூக்கில் ஏறியது. அவன் கைகள் தாமாக எதையோ பிடிக்கத் தேடின.

"வெளியவே நிக்கிறியா?" ஸுஹூரா கேட்டாள்.

"நான் இல்லாம உங்களுக்கு யாருக்கா தைரியம் சொல்லுவாங்க" என்று உள்ளே வந்தான்.

டாக்டர் தூங்கி ரொம்ப நாளான முகத்தோடு இருந்தார். போலீஸ் கேட்டபோது சொன்னதையே திரும்பச் சொன்னார். அந்த ராத்திரிக்கு முந்தின பகலில் சிங்கானோவின் நெஞ்சு கொஞ்சம் தெளிந்திருந்தது, ஆக்ஸிஜன் குழாயைக்கூட எடுத்துவிட்டார்கள். எழுந்து நடக்க முடியுமா என்று கேட்டார்கள், நெஞ்சை வைத்துப் பார்த்தால் முடியும் என்றேன் என்றார்.

"நெஞ்சைத் தவிர வேற எதையும் கேக்கலையா?"

"மூச்சுக் காய்ச்சல் வார்டும்மா இது. நெஞ்சைப் பத்தித்தான் எல்லாரும் கேப்பாங்க."

அந்த ராத்திரி வார்டில் இருந்தது யார் என்று ஸுஹூரா கேட்டாள். சிஸ்டர் செமெனி என்றார். அந்த ராத்திரி வேலை முடித்து வீட்டுக்குப் போனவள் அதே காய்ச்சலில் விழுந்தாள், மலையில் இருக்கும் அம்மா வீட்டில் கிடந்துவிட்டு இன்று காலைதான் திரும்பியிருக்கிறாள். போலீஸ் அவளைப் பார்க்கவே இல்லை. ஸுஹூராவின் முகத்தில் இப்போதுதான் ஒரு சின்ன வெளிச்சம் வந்தது.

வார்டின் கோடியில் சிஸ்டர் செமெனி நின்றாள். தலையிலிருந்து கால்வரை வெள்ளை அங்கி, முகத்தை மூடிய துணி, கண்ணுக்குக் கண்ணாடி. உள்ளே இருப்பது கிழவியா குமரியா என்றுகூடச் சொல்ல முடியாது. இவர்கள் கிட்டே போகும்போது ஒரு பெரியவரின் கட்டிலின் கால்மாட்டில் நின்று குனிந்து, பக்கத்துக் கட்டிலைத் தாண்டாத மெல்லிய குரலில் கேட்டாள்:

"ஓட்டமாப்பா?"

பெரியவர் கண்ணை மூடியபடி இல்லை என்று தலையாட்டினார்.

கொம்போ கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டான். கம்பி சில்லென்று இருந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். அந்தக் குரல் அவனுக்குத் தெரியும். போன மழைக்காலத்திலிருந்து அவன் கனவில் வருகிற குரல். அவன் அதை ஜின் என்று நினைத்துத் தாயத்துகூடக் கட்டியிருந்தான்.

ஸுஹூரா அவனைக் கைத்தாங்கலாக வெளியே கொண்டுவந்து பாதாம் மரத்தடியில் உட்காரவைத்தாள். தண்ணீர் கொடுத்தாள். ஒன்றும் கேட்காமல் காத்திருந்தாள். அவள் கேட்காமல் இருக்கும்போதுதான் ஆபத்து என்பது அவனுக்கு அனுபவம்.

"அக்கா, நான் சொல்றதைக் கேட்டு நீங்க சிரிக்கக்கூடாது."

"சிரிக்கல."

"எனக்கு அந்தக் காய்ச்சல் இருமல்ல ஆரம்பிக்கல. வயித்துல ஆரம்பிச்சுது. சோத்தைப் பாத்தா குமட்டல், அப்புறம் வாந்தி, அப்புறம் நிக்காம போச்சு. காலரான்னு முதல்ல வேற வார்டுல போட்டாங்க. இருமல் வந்தப்புறம்தான் இங்க மாத்தினாங்க. இங்கயும் நிக்கல. படுக்கையிலயே போயிட்டேன்க்கா. ஒரு தடவை இல்ல. கொழந்தை மாதிரி கழுவி விட்டாங்க." அவன் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினான். "டீக்கடையில எல்லாக் கதையும் சொல்லுவேன், இதை மட்டும் யார்கிட்டயும் சொன்னதில்ல. என் பொண்டாட்டிக்குக்கூடத் தெரியாது. ராத்திரி பூரா யாரோ வந்து ஓட்டமா, ஓட்டமான்னு கேட்டுட்டே இருப்பாங்க. மூஞ்சி தெரியாது. நான் செத்துட்டேன், கப்ருக் குழியில மலக்கு வந்து கேள்வி கேக்குதுன்னு நெனச்சேன்."

ஸுஹூரா சிரிக்கவில்லை. அவன் தோளில் கையை வைத்து அழுத்தினாள். பிறகு எழுந்து நின்றாள்.

"நீ வேலைக்குச் சேந்ததுலேருந்து இன்னைக்குத்தான் உருப்படியா ஒண்ணு சொல்லியிருக்க."

கரையோரத்தில் மரியாதை தெரிந்தவர்கள் பேதி என்று வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். அதுவும் ஒரு இளம்பெண், அப்பா வயதில் இருப்பவரிடம் அந்தச் சொல்லைச் சொன்னால் அவள் வளர்ப்பைத்தான் பேசுவார்கள். வயிறு ஓடினாலும் வண்டி ஓடினாலும் ஒரே சொல்தான், ஓட்டம். சமையற்காரனிடம் அந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பதில் சொல்லியிருப்பான். கேட்கப்பட்டவர் லாரி டிரைவர்.

சிஸ்டர் செமெனி அங்கியைக் கழற்றிவிட்டு வந்தபோது இருபத்தைந்து வயதுகூட இராத பெண்ணாக இருந்தாள். காய்ச்சலில் மெலிந்த கழுத்து. வார்டில் பாதிப் பேருக்கு வயிறும் கெடுகிறது என்றாள். பசி போய்விடும், வாந்தி வரும், சிலருக்கு நிற்காமல் போகும். வெட்கப்பட்டுச் சொல்லாமல் இருந்து, உடம்பில் தண்ணீர் வற்றி ஒருவர் போய்விட்டார். அதனால்தான் ஒவ்வொரு கட்டிலாகப் போய்க் கேட்பது. சிங்கானோவைப் பற்றிக் கேட்டதும் அவள் வாயை மூடிக்கொண்டாள்.

"அன்னிக்கு ராத்திரி அவர் எழுந்து போனாரா?"

"போகல." அவ்வளவுதான் பதில்.

"எப்படித் தெரியும்?"

ஸுஹூரா விடவில்லை. கடைசியில் செமெனி சொன்னாள், தன் பெரியம்மா ஊரில் செத்தவர்களின் மையத்தைக் குளிப்பாட்டுகிறவள், குளிப்பாட்டியவள் பார்த்ததை வெளியே சொல்லக்கூடாது என்று சொல்லித்தான் இவளை வளர்த்தாள். உயிரோடு இருப்பவர் உடம்புக்கும் அதே நியாயம்தான். அப்பா மாதிரி ஒருவரை ராத்திரி முழுக்க எந்த நிலைமையில் பார்த்தேன் என்பதைக் கோர்ட்டில், நாலு பேர் முன்னால், எப்படிச் சொல்வது?

"சிஸ்டர், நீங்க சொல்லலேன்னா அவரை நிஜமாவே குளிப்பாட்டத்தான் ஆள் தேட வேண்டியிருக்கும்" என்றான் கொம்போ. அவன் குரலில் கேலி இல்லை. "என்னையும் நீங்கதான் கழுவி விட்டீங்க. போன மழையில, ஜன்னலோரக் கட்டில். நான் சொல்றேன், என்னைப் பத்தி எங்க வேணாலும் சொல்லுங்க. அவரும் அதையேதான் சொல்லுவாரு."

செமெனி அவனை அடையாளம் கண்டுகொண்டாள். அங்கியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினாள்.

ஸ்கூட்டரை ஆஸ்பத்திரியிலேயே விட்டுவிட்டு மூன்று பேரும் ஒரு ஆட்டோவில் சிறைக்கு வந்து சேர்ந்தபோது தொழுகை அழைப்பு முடிந்திருந்தது. கோர்ட்டுக்கு வண்டியில் அழைத்துப் போக சிங்கானோவைக் கம்பியருகே கொண்டுவந்து உட்காரவைத்திருந்தார்கள். மவனாஷா சுவரோரமாக நின்றிருந்தாள். ஸுஹூரா காவலரிடம் ஏதோ சொன்னாள். செமெனி அங்கியைப் போட்டு, முகத்தை மூடி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு கம்பிக்கு முன்னால் போய் நின்றாள்.

சிங்கானோ நிமிர்ந்து பார்த்தார். பட்டப்பகலில் வந்துவிட்டாளே என்று பக்கத்தில் இருந்த கைதியின் கையைப் பிடித்தார்.

"ஓட்டமாப்பா?" செமெனி மெல்லக் கேட்டாள்.

"ஆமாம்மா" என்றார் அவர் அழுதுகொண்டே. "ஓட்டம்தான். நான்தான்."

செமெனி முகத்துணியை இறக்கினாள். கண்ணாடியைக் கழற்றினாள். சிறைக் கம்பிக்குள் கையை விட்டு அவர் கையைப் பிடித்தாள்.

"வயித்தோட்டமான்னு கேட்டேன்ப்பா. அன்னிக்கு ராத்திரி விடியவிடிய நான் உங்களைக் கழுவிட்டு இருந்தேன். பத்து தடவை துணி மாத்தினேன். தள்ளுவண்டியில வெச்சுக் குளியலறைக்குத் தள்ளிட்டுப் போனேன், தரை ஓடு உடைஞ்சிருக்கும், தூக்கித் தூக்கிப் போடும். நீங்க கட்டில் கம்பியை விடவே மாட்டேன்னீங்க. நீங்க எங்கயும் போகலப்பா. உங்களால திரும்பிப் படுக்கக்கூட முடியல."

சிங்கானோ அந்த முகத்தையே பார்த்தார். நனைந்த கால்கள், சில்லென்ற இரும்பு, பள்ளத்தில் இறங்கிய வயிறு, எல்லாம் ஒவ்வொன்றாக அவருக்குள் இடம் மாறிக்கொண்டிருந்தன. அவர் முகம் வெட்கத்தில் சிவந்தது. பல நாட்களுக்குப் பிறகு அந்த முகத்தில் வந்த முதல் ரத்தம் அதுதான் என்று கொம்போ நினைத்தான்.

"அப்ப அந்தப் பொண்ணு?" சிங்கானோ கேட்டார். "யார் அடிச்சது?"

அந்த நேரத்தில்தான் தௌஃபிகி வாசலில் வந்து இறங்கினார். லாரி முதலாளி என்பதால் கோர்ட்டில் சாட்சி, போகிற வழியில் தன் டிரைவரைப் பார்க்க வந்திருந்தார். கஞ்சி போட்ட வெள்ளை அங்கி, பூவேலை செய்த தொப்பி. வாசலில் நின்ற இரண்டு பேர் குனிந்து அவர் கையை முத்தமிட்டார்கள். அவர் எல்லோருக்கும் ஸலாம் சொன்னார்.

ஸுஹூராவும் பதில் ஸலாம் சொன்னாள். உங்கள் தர்மத்தைப் பற்றி ஒரு சின்னச் சந்தேகம் என்றாள். அன்று விடியற்காலையில் யார் இறந்ததாக நினைத்துக் கஃபன் துணி அனுப்பினீர்கள்?

"மூத்த பொண்ணு காய்ச்சல்ல கிடந்தாளே" என்றார் தௌஃபிகி. "அவ போயிட்டான்னு யாரோ சொன்னாங்க."

"மூத்தவ அவங்க அம்மாவை விட உயரம். நீங்க அனுப்பின துணி இவ்வளவுதான்." ஸுஹூரா தன் நெஞ்சுக்கு நேராகக் கையை வைத்தாள். "சின்னவ செத்தது அப்ப அவளைப் பெத்தவளுக்கே தெரியாது. உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

தௌஃபிகி மலக்குகளைப் பற்றி ஏதோ தொடங்கினார்.

"மலக்கு லாரி ஓட்டுமாக்கா?" கொம்போ கேட்டான்.

"ரெண்டாவது சாவி யார்கிட்ட இருக்கோ அவங்க ஓட்டுவாங்க."

காவலர் தௌஃபிகிக்கும் வாசலுக்கும் நடுவில் வந்து நின்றார். தப்பிக்க அவர் முயலவில்லை. தொப்பியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். யாரிடமோ முன்பே சொல்லியிருக்க வேண்டியதைச் சொல்வதைப் போல அவசரமாகச் சொன்னார். சரக்கு கப்பலுக்குப் போயாக வேண்டும். காய்ச்சல்காரன் இருமிய லாரியில் ஏற வேறு டிரைவர் யாரும் சம்மதிக்கவில்லை. தானே எடுத்தார். பெரிய லைட் எரியவில்லை. மாத்திரைப் பொட்டலத்தோடு அந்தப் பெண் ஓடிவந்தாள். லாரியைத் திரும்பக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போனவருக்குத் தூக்கம் வரவில்லை. விடிவதற்குள் ஏதாவது செய்தாக வேண்டும் என்று தோன்றியது. துணியைத் தானே அளந்து வெட்டினார். அதற்குள் அவளைக் கண்டெடுத்து வீட்டுக்குக் கொண்டுபோயிருப்பார்கள் என்று நினைத்துவிட்டார்.

சொல்லி முடித்ததும் மவனாஷாவின் காலடியில் உட்கார்ந்தார். வெள்ளை அங்கியில் மண் ஒட்டியது. என்னைப் பொறுத்துக்கொள், அவரைப் பொறுத்துக்கொண்டாயே, என்னையும் பொறுத்துக்கொள் என்று கெஞ்சினார்.

மவனாஷா அவரைப் பார்த்தாள். அவளுக்குக் கோபம் வந்ததாகக்கூடத் தெரியவில்லை. ரொம்பக் களைத்துப்போன ஒருத்தியாகத்தான் கொம்போவுக்குத் தெரிந்தாள்.

"என்கிட்ட இருந்ததே ஒண்ணுதான்" என்றாள். கம்பிக்குப் பின்னால் இருந்த சிங்கானோவைக் கையால் காட்டினாள். "அதை அவருக்குக் கொடுத்துட்டேன். ஆள் மாறிடுச்சுன்னு திருப்பிக் கேக்கவா முடியும்? அவரே வெச்சுக்கட்டும். உங்களுக்கு மிச்சம் இல்ல."

பிறகு காவலரிடம் திரும்பி, கோர்ட்டில் சாட்சி சொல்கிறவர்கள் எந்த வாசல் வழியாகப் போகவேண்டும் என்று கேட்டாள்.